மாலை ஐந்து மணி வரை

அத்தியாயம் 9

அப்பா விருப்ப ஓய்வுக் கடிதத்தை நான்காவது தடவையாகத் திருத்தி எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதோடு போன வாரம் நின்றோம். விடிந்து பார்த்தால் அந்தச் சட்டை சோப்புத் தண்ணீரில் கிடந்தது.

குளியலறை வாசலில் அப்பா அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து வாளிக்குள் கையை விட்டுத் துழாவினார். நீலச் சட்டை, ஒரு துண்டு, பாப்பாவின் கைக்குட்டை. கடிதம் இல்லை.

“துரை,” என்றார். அடுப்படியில் இருந்த துரையின் தங்கை பாப்பாவுக்கும் அது கேட்டது. அவள் ஓடி வந்தாள்.

துரையும் வந்தான். கை இரண்டும் முழங்கை வரை நுரை.

“பையில எது இருந்தாலும் எடுத்து வெச்சுட்டுத்தான் துணி நனைக்கணும். பாப்பா சொல்லியிருக்கா,” என்றான். “ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. சீப்பு, பேனா, ஒரு பேப்பர். மூணு.”

அப்பா போய்ப் பார்த்தார். மூன்றும் வரிசையாக இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தை விரித்து, எழுத்து அழியவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

“போன உசுரு திரும்பி வந்துச்சுடா,” என்றார்.

“எங்க போச்சு?” என்று துரை கேட்டான். நிஜமாகவே கேட்டான்.

துரைக்கு முப்பத்தைந்து வயது. பிறக்கும்போது மூச்சு வரக் கொஞ்சம் தாமதமான பிள்ளை. ஆள் வளர்ந்தான், தாடி வளர்ந்தது, கணக்கும் சூதும் மட்டும் வளரவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வான். கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வான். நடுவில் ஒரு வார்த்தையைக் கூட்டவோ குறைக்கவோ அவனுக்குத் தெரியாது. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அதன் பிறகு துணியும் பாத்திரமும் அவன் பொறுப்பு.

அப்பா நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் பம்ப் ஆபரேட்டர். ‘மோட்டார்’ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் இருபத்தொன்பது வருடம் எட்டு மாதம். அத்தனை வருடமும் அந்த இரைச்சலில் காதைக் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு விதிக்காக. ஊழியர் இறந்த பிறகு, தானே சம்பாதிக்க முடியாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் வரும் என்ற விதி.

அந்த விதிக்குத்தான் போன திங்கட்கிழமை சட்டமன்றத்தில் ஆபத்து வந்தது. புதிய மசோதாவின்படி, சட்டம் அமலாகும் நாளில் வேலையில் இருக்கும் நகராட்சி ஊழியர்கள் எல்லோரும் புதிய நிதிக்கு மாற்றப்படுவார்கள். புதிய நிதியில் பென்ஷன் ஊழியரோடும் அவருடைய துணையோடும் முடிந்துவிடும். பிள்ளை என்ற சொல்லே அதில் கிடையாது. அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்கு மட்டும் பழைய விதி தொடரும்.

மறுநாளே நகராட்சி அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். விருப்ப ஓய்வுக் கடிதங்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை மூன்றாம் ஜன்னலில் வாங்கப்படும். அதன் பிறகு கிடையாது.

இன்று வெள்ளிக்கிழமை.

“இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸைத் தூக்கி எறியணுமாப்பா?” என்றாள் பாப்பா, தட்டை அவர் முன்னால் வைத்துக்கொண்டே. “துரையை நான் பாத்துக்க மாட்டேனா?”

“பாத்துப்பே. எனக்குத் தெரியாதா?” அப்பா தட்டைப் பார்த்தபடியே பேசினார். “ஆனா அவன் உன் கையைப் பாத்து நிக்கக் கூடாது பாப்பா. நாளைக்கு உனக்குன்னு ஒரு குடும்பம் வரும். அப்ப ‘இது என்னோடது’ன்னு சொல்லிக்க அவன்கிட்ட ஏதாவது ஒண்ணு இருக்கணும்.”

அப்பாவின் செல்போனில் சார்ஜ் நிற்பதில்லை. பாப்பா அதை எடுத்துச் சுவரில் இருந்த சார்ஜரில் மாட்டினாள். “போனை விட்டுட்டுப் போயிடாதீங்க,” என்றாள்.

அவர் விட்டுவிட்டுத்தான் போனார்.

•

வீட்டில் பாப்பா. சட்டமன்றச் செயலகத்தில் ‘பென்சில்’. முப்பத்தொரு வயதுக்குள் இரண்டு செல்லப் பெயர்கள் சேர்ந்துவிட்டன, சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில்தான் பார்க்க முடிகிறது என்று அவளே சொல்வாள்.

அவள் அங்கே சுருக்கெழுத்தாளர். அவை நடக்கும்போது சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே உள்ள சின்ன மேஜையில் உட்கார்ந்து, பத்து நிமிடம் யார் என்ன பேசினாலும் எழுத வேண்டும். பத்தாவது நிமிடத்தில் அடுத்த ஆள் வந்து உட்காருவார். இவள் எழுந்து போய் எழுதியதைத் தட்டச்சு செய்ய வேண்டும். போன திங்கட்கிழமை அந்த மசோதாவை அமைச்சர் அறிமுகம் செய்தபோது மேஜையில் இருந்ததும் அவள்தான். அப்பாவின் பென்ஷனைப் பிடுங்கும் வாக்கியத்தை அவள் கையாலேயே எழுதினாள். அன்றைக்கு அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு ரோஸ் நிறத் தாள்கள் வந்தன. பிற்பகல் அவையில் முன்வைக்கப் போகும் திருத்தங்களைச் சுருக்கெழுத்தாளர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுப்பார்கள். பிரிவு எண்கள் தப்பாமல் எழுத வேண்டும் அல்லவா? பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்க வேண்டும். அவையில் படிக்கும் வரை அது வெளியே போகக் கூடாது.

பாப்பா கையெழுத்துப் போட்டாள். படித்தாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

அரசே கொண்டுவரும் திருத்தம். இரண்டே பத்தி. ஒரு வருடத்துக்குள் முப்பது வருட சர்வீஸை முடிக்கப் போகிறவர்கள் வேலையில் இருந்தாலும் பழைய பென்ஷனிலேயே தொடரலாம் என்றது முதல் பத்தி. மசோதா அறிமுகமான நாளுக்குப் பிறகு விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்தவர்கள், ஓய்வு பெற்றிருந்தாலும், புதிய நிதியில்தான் சேர்க்கப்படுவார்கள் என்றது இரண்டாவது.

அப்பாவுக்கு முப்பது வருடம் முடிய இன்னும் நான்கே மாதம். கடிதம் கொடுக்காமல் இருந்தால் போதும், துரைக்கு எல்லாம் கிடைக்கும். கொடுத்தால் வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

ஊழியர்களின் செல்போன்கள் காவலர் அறையின் மரப்பெட்டிகளுக்குள் இருந்தன. மதிய இடைவேளையில்தான் திறப்பார்கள். வராந்தாவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள். பதினொரு வருட சர்வீஸில் ஒரு எழுத்தைக்கூட அவள் வெளியே கொண்டுபோனதில்லை. கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது என்று சொன்னால் பொய். தெரிந்தேதான் நடந்தாள்.

அப்பாவின் செல்போனுக்கு மணி அடித்தது. எடுத்தார்கள்.

“மோட்டார் வீடு. யார் பேசறது?”

துரை.

“துரை, அப்பா எங்கே?”

“அப்பா ஆபீஸ். போன் இங்க. சார்ஜ் நூறு.”

இனி வேறு வழி இல்லை. வேறு யாரையும் கூப்பிடவும் முடியாது. ஒரு ஆளிடம் சொன்னால் ஊருக்கே சொன்னது மாதிரி. துரை நாளும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவன்தான். ஆனால் பம்ப் ஹவுஸ் வீட்டுத் தெருவிலேயே இருக்கிறது. நகராட்சி அலுவலகம் பெரிய ரோட்டைத் தாண்டி இருக்கிறது. அந்த ரோட்டை அவன் தனியாகக் கடந்ததே இல்லை.

“துரை, கவனமாக் கேளு. நீ இப்பவே அப்பா ஆபீசுக்குப் போகணும். பெரிய ரோடு தாண்டி. பச்சை விளக்கு எரிஞ்சா, எல்லாரும் நடக்கும்போது நீயும் நடக்கணும். மூணாம் நம்பர் ஜன்னல். அங்க அப்பா நிப்பாரு.”

“பச்சை விளக்கு. எல்லாரும் நடக்கும்போது. மூணாம் நம்பர்.”

“அப்பாகிட்ட இதை அப்படியே சொல்லு. லெட்டர் குடுக்காதீங்க. இன்னிக்குத் திருத்தம் வருது. முப்பது வருஷம் முடியப் போறவங்களுக்குப் பழைய பென்ஷனே உண்டு. இப்ப லெட்டர் குடுத்தவங்களுக்குக் கிடையாது.”

அவன் திருப்பிச் சொன்னான். ஒரு சொல் பிசகவில்லை.

“பாப்பா சொன்னான்னு சொல்லணுமா?”

“சொல்லு. அப்பத்தான் நம்புவாரு. துரை, இன்னொண்ணு…”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாப்பா ரிசீவரை வைத்துவிட்டாள்.

அவள் சொல்ல வந்தது இதுதான்: அப்பா காதில் மட்டும் சொல்லு.

வந்தவர் கமா சார். அவளுக்கு மேலே இருக்கும் மூத்த சுருக்கெழுத்தாளர். யார் எழுதிக் கொண்டுவந்தாலும் நான்கு கமா போடாமல் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். அவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். தொலைபேசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

திரும்பவும் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. துரை அதற்குள் கிளம்பிவிட்டான்.

•

மதியம் ஒன்றேகாலுக்கு மரப்பெட்டிகளைத் திறந்தார்கள். அப்பாவின் எண்ணிலிருந்து ஆறு தவறிய அழைப்புகள். பாப்பா மாடிப்படிக்குக் கீழே போய் நின்று கூப்பிட்டாள்.

“பாப்பா,” என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தக் குரலை அவள் கேட்டு நான்கு வருடம் இருக்கும். “உன் அண்ணன் வந்தான் பாரு. ரோட்டைத் தாண்டி, தனியா. மெயின் ரோடு பாப்பா.”

“லெட்டர் குடுத்துட்டீங்களா?”

“எனக்கு முன்னாடி ரெண்டே பேருதான். பேப்பரை வெளிய எடுத்துக் கையில வெச்சிருக்கேன். திரும்பிப் பாத்தா இவன் நிக்கறான். வேர்த்து ஊத்துது. கையில என் போனு. ரோட்டுல போன் எடுக்கக் கூடாதுன்னு, அடிச்சும் எடுக்கலையாம். வந்தவன் பக்கத்துல வந்து சொல்லுவான்னு பாத்தா, வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்லுவாங்கல்ல, அந்தக் குரல்ல சொல்றான். ‘அப்பா, லெட்டர் குடுக்காதீங்க. இன்னிக்குத் திருத்தம் வருது. பாப்பா சொன்னா.’ முழுசா, ஒரு மூச்சுல.”

பாப்பா படிப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

“எல்லாருக்கும் கேட்டுச்சாப்பா?”

“கேக்காம? நூறு பேரு நின்னோம். அப்புறம் ஒருத்தன் இன்னொரு தரம் சொல்லுன்னான். இவன் சொன்னான். அங்கேருந்து ஒருத்தன், போனைத் தூக்கிக்கிட்டு, எனக்கும் சொல்லுன்னான். அவனுக்கும் சொன்னான். வரிசை பாதி கலைஞ்சு போச்சு. ‘மோட்டார், உன் பொண்ணு எங்க வேலை பாக்கறான்னு எங்களுக்குத் தெரியும், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்’னுட்டு…”

அப்பா அங்கே நிறுத்தினார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“பாப்பா,” என்றார் மெதுவாக. “இதை நீ சொல்லலாமா? வேலைக்கு ஒண்ணும் வராதே?”

“ஒண்ணும் இல்லப்பா. லெட்டரைப் பத்திரமா வெச்சுக்குங்க. துரைக்குச் சாப்பாடு போடுங்க.”

அவள் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

•

பிற்பகல் அவை இரண்டரைக்குக் கூடியது. பாப்பாவின் முறை மூன்று பத்து முதல் மூன்று இருபது வரை. போய் உட்கார்ந்து, நான்கு பென்சில்களை வரிசையாக வைத்தாள். அமைச்சர் கையில் ரோஸ் நிறத் தாளோடு எழுந்தார். வாயைத் திறப்பதற்குள் எதிர்வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்துவிட்டார்.

“அவைத் தலைவர் அவர்களே, இது அவை உரிமை மீறல். இந்த அவையின் முன் இன்னும் வைக்கப்படாத ஒரு திருத்தத்தை, இன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு, நகராட்சி அலுவலக வாசலில், ஒருவர் உரக்கச் சொல்லியிருக்கிறார். நூறு பேர் கேட்டிருக்கிறார்கள். அமைச்சர் கையில் இருக்கும் தாளில் உள்ள அதே சொற்கள்தானா என்று அவரே சொல்லட்டும்.”

பாப்பா எழுதினாள். ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி. கைக்கு யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியாது. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டே போனது. தலை மட்டும் நிமிரவில்லை.

அமைச்சர் தாளைப் பார்த்தார். அதிகாரி ஒருவர் ஓடிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். ‘குறுக்கீடு’ என்பதற்கு ஒரு சின்னக் கொக்கிதான் அடையாளம். அந்தப் பக்கத்தில் மட்டும் அவள் பதினேழு கொக்கி போட்டாள்.

சபாநாயகர் மேஜையைத் தட்டினார். செயலகத்திலிருந்து கசிந்திருந்தால் பொறுத்துக்கொள்ள முடியாது என்றார். செயலர் இன்று மாலைக்குள் விசாரித்து அறிக்கை தர வேண்டும், விஷயம் அவையின் உரிமைக் குழுவுக்குப் போகும், மசோதா மீதான விவாதம் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்றார்.

“அந்தத் திருத்தம் திங்கட்கிழமை வருமா?” என்று யாரோ கேட்டார்கள்.

அமைச்சர் உட்காராமலே சொன்னார்: “பரிசீலிக்கப்படும்.”

அந்தச் சொல்லுக்குப் பாப்பா சொந்தமாக ஒரு சுருக்குக் குறி வைத்திருந்தாள். அவ்வளவு தடவை எழுதியிருக்கிறாள். அரை நொடிகூட ஆகாது. இன்றும் ஆகவில்லை.

மூன்று இருபதுக்குக் கமா சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எழுந்து போனாள்.

தட்டச்சு அறையில் தன் மேல் வந்த குற்றச்சாட்டைத் தானே எழுத்துக்கூட்டி அடித்து முடிக்க நான்கு மணி தாண்டிவிட்டது. அவை கலைந்து திரும்பி வந்த கமா சார் அந்தப் பக்கத்தை வாங்கிச் சரிபார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“‘ஒருவர்’க்கு முன்னாடி ஒரு கமா வேணும்,” என்றார்.

“போட்டிருக்கேன் சார்.”

“ஆமா. போட்டிருக்கே.” தாளைக் கீழே வைத்தார். “காலையில நான் தண்ணி குடிக்க வந்தேன். குடிச்சேன், போயிட்டேன். கேட்டா அதைத்தான் சொல்லுவேன்.”

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு உறுதியானது.

•

நான்கு ஐம்பத்தைந்துக்குச் செல்போன் கைக்கு வந்தது. வந்ததுமே அடித்தது.

“பாப்பா, நான் ஜன்னல்கிட்டதான் இருக்கேன்.” பின்னால் ஒரே இரைச்சல். “மசோதாவைத் தள்ளி வெச்சுட்டாங்களாமே. திருத்தம் வரும், வராதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. போனவனெல்லாம் திரும்ப ஓடி வந்து வரிசையில நிக்கறான். நீ சொல்லும்மா. குடுக்கவா, வேண்டாமா?”

“தேதியைத் தள்ளி வெப்பாங்களாப்பா? திங்கட்கிழமை வரைக்கும்?”

“கேட்டாச்சு. சுற்றறிக்கையில கமிஷனர் கையெழுத்து இருக்கு, அவரு வெளியூர்ல இருக்காரு, நாங்க எப்படி மாத்தறதுன்னு கேக்கறாங்க. அஞ்சு மணிக்குக் கதவை இறக்கிடுவாங்களாம்.”

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். திருத்தம் வந்தால், கடிதம் கொடுத்தவன் கெட்டான். வராவிட்டால், கொடுக்காதவன் கெட்டான். அமைச்சர் கோபத்தில் அதைக் கொண்டுவராமலே விடலாம். வீம்புக்கென்றே கொண்டுவரவும் செய்யலாம். சட்டமன்றத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், எல்லாவற்றையும் அவள் கைதான் எழுதியது. வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்ததைவிட ஒரு துளி அதிகமாக அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்குத் தெரியலப்பா,” என்றாள்.

“உனக்கே தெரியலயா?”

“தெரியலப்பா.”

யாரோ அவரைத் தள்ளிக்கொண்டு போவதும், ‘மோட்டார், குடுக்கறியா, நகர்றியா’ என்று யாரோ கேட்பதும் காதில் விழுந்தன. நடுவே துரையின் குரல். நிதானமாக, கொஞ்சமும் பதறாமல், காலையில் மனப்பாடம் செய்ததை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தான். லெட்டர் குடுக்காதீங்க. இன்னிக்குத் திருத்தம் வருது. அவனுக்கு வேறு செய்தி யாரும் இன்னும் சொல்லவில்லை.

“இவன் ஒருத்தன்தான் காலையிலேருந்து ஒரே பேச்சா இருக்கான்,” என்றார் அப்பா. சிரிக்க முயன்ற மாதிரி இருந்தது. “போகட்டும் பாப்பா. ரோட்டைத் தாண்டி வந்து சொல்லியிருக்கான். அவனுக்காகத்தானே எல்லாம். அவன் சொல்றதையே கேட்டுடறேன்.”

“அப்பா, யோசிச்சு…”

“என்னத்தை யோசிக்கறது? யோசிக்கறதுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கணும்ல?”

ஜன்னலின் இரும்புக் கதவு இறங்குகிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்பா லைனைத் துண்டிக்கவில்லை. பாப்பாவும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“செயலர் ஐயா கூப்பிடறாரு,” என்று பியூன் வந்து சொன்னார்.

•

செயலர் தலை நரைத்த மனிதர். கத்தத் தெரியாதவர் என்று பெயர். மேஜை மேல் பதிவேடு திறந்திருந்தது. ரோஸ் நிறத் தாள் வாங்கிய ஐந்து பேரின் கையெழுத்து அதில் இருந்தது.

“உக்காரும்மா,” என்றார்.

ஒரு செல்போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். “இது எல்லார் கைக்கும் போயிடுச்சு. நீயும் பாரு.”

நகராட்சி அலுவலக வாசல். துரை நின்றான். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான். நெற்றியில் வேர்வை. சுற்றிலும் கைகள், செல்போன்கள். அவன் நேராக நிமிர்ந்து, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடித்ததும் கூட்டத்தில் யாரோ தோளைத் தட்டினார்கள். அவன் முகம் மலர்ந்தது. அம்மா போன பிறகு அந்த முகத்தை இப்படி அவள் பார்த்ததில்லை. ‘பாப்பா சொன்னா’ என்கிற இடத்தில் மட்டும் இரைச்சல் அதிகமாகி வார்த்தை அமுங்கியிருந்தது.

செயலர் வீடியோவை நிறுத்தினார்.

“யாரோ சொன்னதாச் சொல்றான். யாருன்னு சரியாக் கேக்கல. ஆளைப் பாத்தா…” அவர் வார்த்தையைத் தேடினார். “பாத்தாலே தெரியுது, கொஞ்சம் புத்தி சரியில்லாதவன். நகராட்சிக்காரங்க எல்லாரும் இந்த ஒரு வாரமாத் திருத்தம் திருத்தம்னுதான் பேசிக்கிட்டிருந்தாங்க. எங்கயோ கேட்டதை இவன் உளறியிருக்கான், தற்செயலாப் பொருந்திப் போச்சு. இப்படி ஒரு அறிக்கை எழுதினா, எனக்கும் நிம்மதி, இங்க கையெழுத்துப் போட்ட அஞ்சு பேருக்கும் நிம்மதி. அஞ்சு பேரும், இந்த ஆளைத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நாலு பேரு குடுத்துட்டாங்க.”

நான்கு தாள்கள் அவர் கைக்குக் கீழே இருந்தன. மேலே இருந்த தாளில் ஒரே வரிக்குள் மூன்று கமா.

ஐந்தாவது தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வெற்றுத் தாள். பக்கத்தில் பேனாவையும் வைத்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை என்று அவர் கண் சொன்னது. அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று அவளுடைய பணிப் பதிவேட்டிலேயே இருக்கிறதே.

ஒரே ஒரு வரி. எழுதினால் வேலை நிற்கும். திங்கட்கிழமை எது எப்படிப் போனாலும், துரைக்கு இவள் சம்பளமாவது இருக்கும்.

பாப்பா பேனாவை எடுத்தாள். செல்போன் திரையில் துரை இன்னும் மலர்ந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“உளறல சார்,” என்றாள்.

செயலர் நிமிர்ந்தார்.

“நான் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமச் சொல்லியிருக்காரு. அவரு என் அண்ணன்.”

செயலர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இதை எழுதினா உன்னோட நிக்காதும்மா,” என்றார். “உரிமைக் குழு அவரையும் கூப்பிடும். முன்னாடி நிக்க வெச்சுக் கேப்பாங்க. யாரு சொன்னா, எப்பச் சொன்னா, எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருக்கான்னு. குறுக்க மறுக்கக் கேட்டு, உனக்கு எதிரா அவரையே சாட்சி ஆக்குவாங்க. அவருக்கு அதெல்லாம் புரியுமா?”

அவள் அதை யோசித்திருக்கவில்லை. ரோட்டைத் தாண்டி வந்தவனை, தன் வாயாலேயே அந்த உயர்ந்த நாற்காலிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

“புரியும் சார்,” என்றாள். “எது கேட்டாலும், உள்ளதை உள்ளபடி சொல்லுவாரு.”

“அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு,” என்றார் செயலர்.